மெற்றில்டாவின் வாளிகள்

இரும் தம்பி, இரும். உந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இரும். கென் உழவு மெசினால இறங்கி, கை கழுவி, தொப்பியை மாத்தி, அதுக்குப் பிறகுதான் உம்மட காரின்ர காத்துப்போன ரயரைப் பாக்க வருவான். இந்த ஊரில ஒருத்தருக்கும் அவசரம் கிடையாது. செத்தவீட்டுக்கு மட்டும் நேரத்துக்கு வருவாங்கள்.

நான் அவனைக் கூப்பிடேல்லை, அதை முதல்ல விளங்கிக்கொள்ளும். ரோட்டில உம்மட காரைக் கண்டு, தானா நிப்பாட்டி, "பெற்றோல் செட்டில போய் இரு, வாறன்" எண்டு அவன் சொன்னதெண்டு நீர்தான் சொன்னனீர். நான் எண்டால் கூப்பிட்டிருக்க மாட்டன். கார்த்திகைக்குப் பிறகு நான் அவனோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

தேத்தண்ணியைக் குடியும். சீனி காணுமோ? உமக்கு ஊரில எந்த இடம்? பருத்தித்துறையோ? சரி, கடற்கரைப் பக்கம். அப்ப உமக்குச் சொன்னால் விளங்கும். இவங்களுக்குச் சொல்லி விளங்காது. ரொறன்ரோவில இருக்கிற எங்கட சனத்துக்கும் சொல்லி விளங்காது. அவை "ஏன் அந்தக் காட்டுக்கை போய்க் கிடக்கிறாய்" எண்டுதான் கேப்பினம். காடெண்டாலும் பரவாயில்லை. ஒரு மரம் இருந்தால்தானே காடு?

வெளிய பாரும். என்ன தெரியுது? வானம். அதுக்குக் கீழ உழுத வயல். அதுக்கும் அங்கால உழுத வயல். நாய் ஓடினால் மூண்டு நாளைக்கு ஓடுறது தெரியும் எண்டு இவங்களே பகிடி விடுவாங்கள். ஊரின்ர பேர் ஆல்வெட். முந்தி தானியம் கொட்டி வைக்கிற உயரக் கட்டடம் ஒண்டு நிண்டது, அதிலதான் பேர் பெரிசா எழுதியிருந்தது. அதை இடிச்சுப் போட்டாங்கள். ரயில் நிண்டு போச்சு. பள்ளிக்கூடம் பூட்டியாச்சு. மிச்சம் ஊர் மண்டபம், என்ர பெற்றோல் செட், ஒரு ஐஸ் மண்டபம், செத்த சனத்தைப் புதைக்கிற சேமக்காலை. அவ்வளவுதான் ஊர்.

அந்த ஐஸ் மண்டபத்தில என்ன செய்யிறவங்கள் தெரியுமோ? பெரிய கல்லொண்டை ஐஸில தள்ளிவிட்டு, அதுக்கு முன்னால விளக்குமாத்தோட கூட்டிக்கொண்டு ஓடுவாங்கள். நரைச்ச கிழவனுகள், கிழவியள் எல்லாம். கல் வடிவாப் போகோணுமாம். ஐஸைக் கூட்டுவாங்கள் தம்பி. சொந்தத் தேப்பன்ர கல்லறையைக் கூட்ட மாட்டாங்கள். இதை மனசில வைச்சுக்கொள்ளும், பேந்து வருவன்.

சரித்திரமாம். நூறு வருஷச் சரித்திரம் எண்டு நான் வந்த புதுசில பெரிய விழா எடுத்தாங்கள். நூறு வருஷம்! எங்கட கோயில்ல கிடக்கிற மெழுகுதிரித் தாங்கிக்கே அதைவிட வயசு கூட. இவங்கட பாட்டன் பூட்டன் ரயிலில வந்து இறங்கினவங்களாம், புல்லோட சேத்து மண்ணைக் கட்டிகட்டியா வெட்டி அடுக்கி வீடு கட்டினவங்களாம், முதல் பனிமாரியில அரைவாசிப் பிள்ளையள் செத்துப் போச்சுதாம். ஓம், பாவம்தான். அதுக்கு முதல் இஞ்ச இருந்த சனம் எங்க எண்டு நான் ஒருக்கா விழாவில கேட்டுப்போட்டன். எல்லாரும் கேக்கை வெட்டத் தொடங்கிட்டாங்கள்.

மெற்றில்டா என்ர தொடையில நுள்ளினாள். மெற்றில்டா என்ர மனிசி. அவளுக்கு இவங்களைப் பிடிக்கும். அதுதான் வினையே.

நான் பெற்றோல் அடிக்க, அவள் காசு மேசையில இருப்பாள். வாறவன் போறவன் எல்லாரோடயும் கதை. இஞ்ச ஒரு வழக்கமிருக்கு. ரோட்டில எதிர்ப்பட்டால் ஸ்ரியறிங்கில இருந்து ஒரு விரலைத் தூக்குவாங்கள். கையில்லை, ஒரு விரல். அதுதான் வணக்கம். நான் ஏதோ கெட்ட பேச்சாக்கும் எண்டு ஒரு மாசம் முறைச்சுக்கொண்டு திரிஞ்சன். மெற்றில்டா வந்த கிழமையே தூக்கத் தொடங்கிட்டாள். அதுவும் இவள் ரெண்டு கையையும் தூக்குவாள், ஸ்ரியறிங்கை விட்டுட்டு.

கென்ர தாய் டொறீன். எண்பது தாண்டின கிழவி, வேலிக்கட்டை மாதிரி நேரா நிப்பாள். சேமக்காலைக் கமிற்றிக்கு அவள்தான் தலைவி. மெற்றில்டாவுக்கும் அவளுக்கும் எப்பிடி ஒட்டிச்சுதோ தெரியாது. ஆவணி புரட்டாசி வந்தால் ரெண்டு பேரும் ஐஸ்கிறீம் வாளியளையும் தூக்கிக்கொண்டு சேமக்காலைக்குப் போயிடுவினம். என்னத்துக்கு? புல்லு விதை பிடுங்க! சிரியாதையும். இடுப்பளவு புல்லுக்கை நிண்டு, கதிர் கதிரா உருவி, வாளியில போட்டுக்கொண்டு வருவாள். வீட்டை வந்தால் சுவெற்றர் முழுக்கத் தூசி, வைக்கோல் மணம். வீட்டுக்குக் கீழ பேஸ்மென்ற்றில அந்த வாளியளைத் தட்டு தட்டா அடுக்கி வைச்சிருந்தாள். நெல்லெண்டாலும் பரவாயில்லை, அவிச்சுத் தின்னலாம்.

அந்தப் புல்லு உழாத புல்லாம். மாகாணம் முழுக்க உழுது கொட்டின பிறகு, ஊருக்குப் பக்கத்தில கலப்பை படாமல் மிஞ்சினது சேமக்காலை இருக்கிற அந்தத் திட்டி மட்டும்தானாம். கலப்பை வரமுதல் பிணம் வந்திட்டுது, அதால தப்பிச்சுதாம். அதை வெட்ட மாட்டாங்கள், கூட்ட மாட்டாங்கள். கல்லறைக் கல்லு வெளிய தெரியாமல் புல்லு மூடி நிக்கும். அதில இவங்களுக்குப் பெருமை.

சித்திரையில, பனி இன்னும் கிடக்கேக்கையே, ஊதா நிறத்தில ஒரு பூ வரும். குறோக்கஸ் எண்ணுவாங்கள். தண்டு முழுக்க மயிர், பூனைக்குட்டி மாதிரி. வேலி மூலையில மட்டும் அது பூக்கிறதில்லை எண்டு டொறீன் ஒருக்காச் சொல்ல, இவள் ஒரு வருஷம் மடி நிறைய அந்தப் பூவின்ர விதையைக் கொண்டுபோய் அந்த மூலையில தூவிப்போட்டு வந்தவள். ஒண்டும் வரேல்லை. நான் பகிடி பண்ணினனான். "இதென்ன கீரையோ, போட்ட கிழமை வர? அது தன்ர பாட்டில வரும்" எண்டாள். வரேல்லை. நாலைஞ்சு வருஷம் போயும் வரேல்லை.

பேந்து அவளுக்கு வருத்தம் வந்திட்டுது.

அதைப் பற்றி விடும். ஆஸ்பத்திரியில கடைசியாக் கிடக்கேக்கை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னாள், "என்னை அந்த வேலி மூலையில வையுங்கோ. புல்லை வெட்ட விடாதேங்கோ" எண்டு. நான் ஓம் எண்டு தலையாட்டினன். ஊசி மருந்து ஏறிக்கிடக்கிறவள் சொல்லுறதையெல்லாம் கணக்கெடுக்கேலுமோ? மூலையில வைச்சன். அது சரி. புல்லு விசயம் வேற.

நீர் சொல்லும், நீர் கடற்கரைப் பெடியன். கார்த்திகை ரெண்டாம் திகதி, ஆத்துமாக்கள் நாளில, எங்கட பக்கத்தில என்ன செய்யிறது? ஊரே மண்வெட்டியோட சேமக்காலைக்குப் போகும். புல்லைச் செருக்கி, கடற்கரை வெள்ளை மணலைக் கொண்டு வந்து பரப்பி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிச்சு, பின்னேரம் மெழுகுதிரி கொளுத்தினால் எப்பிடி இருக்கும்! புல்லு முளைச்ச கல்லறை எண்டால் ஆளில்லாத கல்லறை. "உன்ர குழியில புல்லுப் பிடுங்க ஒருத்தனும் இருக்க மாட்டான்" எண்டு எங்கட ஊரில திட்டுவினம். அதைவிடப் பெரிய திட்டு இல்லை. போன வருஷம் மச்சான் ஒருத்தன் என்ர அய்யான்ர கல்லறையைப் படமெடுத்து அனுப்பினான். சிலுவை தெரியேல்லை தம்பி. பத்தை. நாயுருவியும் பத்தையும். நான் அந்தப் படத்தை அழிச்சுப்போட்டன், ஆனால் கண்ணுக்கை நிக்குது.

அப்ப என்ர மனிசியையும் அப்பிடி விடுவனோ?

கென்னிட்டப் போய் அவன்ர சின்ன மண்வாரி மெசினைக் கேட்டன். என்னத்துக்கு எண்டு அவன் கேக்கேல்லை. இஞ்ச மெசின் கேட்டால் ஏனெண்டு கேக்கிறது மரியாதையில்லையாம். மெசின் திறப்பைத் தந்தான். நான் ஆத்துமாக்கள் நாளுக்கு முதல்நாள், நிலம் இறுகிறதுக்கு முதல், சேமக்காலைக்குக் கொண்டு போனன். மெற்றில்டாவின்ர இடத்தையும் சுத்திவரப் புல்லையும் சுரண்டினன். வடிவா, மட்டமா. பாத்தால் பக்கத்தில டொறீனின்ர புருசன் கிடக்கிறான், புல்லுக்கை மூடுண்டு. ஐயோ பாவம், அவனுக்கும் ஆர் இருக்கினம் எண்டு அதையும் சுரண்டினன். அங்கால ஒரு குழந்தைக் கல்லு. அதையும். இப்பிடியே போய், ஒரு ரெண்டு பரப்பு நிலம் வெளிச்சிட்டுது. புண்ணியமாப் போகட்டும் எண்டுதான் செய்தனான். ஒருத்தனிட்டயும் ஒரு சதம் கேக்கேல்லை. ரெஜைனா நகரத்தில இருந்து வெள்ளை மணல் இறக்கி, மெற்றில்டாவுக்குப் பரப்பினன். அடுத்த நாள் பின்னேரம் எல்லாக் கல்லுக்கும் மெழுகுதிரி கொளுத்தி வைச்சன். இவங்கட செத்த சனத்துக்கும் சேத்துத்தான்.

கொளுத்திப்போட்டு நிண்டன். நன்றி சொல்ல வருவாங்கள் எண்டு நிண்டன்.

வந்தாங்கள். டொறீன் முன்னுக்கு, கென் பின்னுக்கு. கிழவி வேலியடியில நிண்டவள் நிண்டவள்தான். பேந்து முழங்கால்ல இருந்து, நான் ஒதுக்கி விட்ட புல்லுக் கட்டியொண்டைத் தூக்கி, அது கிடந்த இடத்தில திருப்பி வைச்சு, கையால அமத்தினாள். புருசன்ர கல்லைப் பாக்கேல்லை. மெழுகுதிரியைப் பாக்கேல்லை. புல்லுக் கட்டியைப் பாத்து அழுதாள்.

"பொனி, இது என்னெண்டு உனக்குத் தெரியுமோ?" எண்டாள். என்ர பேர் பொனிப்பாஸ். இவங்களுக்கு முழுப்பேர் சொல்லப் பஞ்சி.

"புல்லு" எண்டன்.

"இதின்ர வேர் ஆளைவிட ஆழம். ஒருக்காப் பிரட்டினால் திரும்பி வராது. எங்கட ஆக்கள் வந்திறங்கேக்கை உலகம் முழுக்க இதுதான். இப்ப இது மட்டும்தான் மிச்சம்."

எனக்கு வந்துது பாரும் கோவம். மனிசியைப் புதைச்ச ஈரம் காயேல்லை. பனையால விழுந்தவனை மாடேறி மிதிச்ச மாதிரி வந்து நிக்கிறாள். "மிச்சத்தை உழுதது ஆர்? நானோ? நீங்கள் ஒரு தேசத்தையே உழுது கோதுமை போட்டியள். நான் ரெண்டு பரப்புச் சுரண்டினது குற்றமோ?" எண்டு கத்தினன்.

கென்தான் கேட்டான், மெதுவா, "என்ர மெசினாலயோ செய்தனி?" எண்டு. ஓம் எண்டன். திறப்பை வாங்கிக்கொண்டு போனான். அண்டையோட விரல் தூக்கிறதை நிப்பாட்டிட்டான். அவன் மட்டுமில்லை, ஊர் முழுக்க. மாரி முழுக்க ஒரு விரலைக் காணேல்லை நான். கண்ணாடிக்குப் பின்னால எல்லாரும் நேர பாத்துக்கொண்டு போறாங்கள். நீர் ஒருநாள் இருந்து பாரும், அது எப்பிடி இருக்குமெண்டு.

என்ன, கடை வாசல் பனியை அள்ளினது ஆரோ? கென்தான். ஒவ்வொரு பனிப்புயலுக்கும் விடியமுதல் வந்து அள்ளிப்போட்டுப் போயிடுவான். எனக்காகவெண்டு நினைக்கிறீரோ? அவன்ர லொறிக்குப் பெற்றோல் வேணும். வாசல்ல சூப் சட்டி வைச்சுப்போட்டும் போறவை. ஆரெண்டு தெரியாது, ஆனால் மூடி டொறீனின்ர. ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம். குடிச்சனான்தான், கொட்டுறதெண்டால் பாவம். உப்பில்லை.

பங்குனியில ஊர் மண்டபத்தில கூட்டம் வைச்சாங்கள், சேமக்காலையைப் பற்றி. மெற்றில்டாவைக் கிளப்பச் சொல்லப் போறாங்கள் எண்டு நினைச்சன். அப்பிடிச் சொன்னால் என்ன செய்யிறது, எங்க கொண்டு போறது? வீடு சண்டையோட போச்சு. ஊருக்கும் கொண்டு போகேலாது. எனக்குச் சொந்தமெண்டு இந்த நாட்டில கிடக்கிறது அந்த ஆறடி மண்தான். கதவடியில நிண்டு கேட்டன், உள்ளுக்குப் போகேல்லை.

டொறீன் எழும்பிச் சொன்னாள், "மெற்றில்டா கிடக்கிற இடம் பொனியின்ர விருப்பம். அதில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. மற்ற இடத்தைத் திருப்பி விதைக்கோணும். நாங்கள் சேத்த அந்த நிலத்தின்ர விதை முழுக்க மெற்றில்டாவின்ர வாளியளுக்கைதான் இருக்கு."

எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்கள்.

அண்டைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு. சூப்பென்ன, பனி அள்ளினதென்ன, எல்லாம் இதுக்குத்தான். என்ர பேஸ்மென்ற்றில கிடக்கிறதில கண். "அது என்ர மனிசின்ர. தர மாட்டன்" எண்டன்.

கென் சொன்னான், "இந்த இளவேனிலுக்குப் போடாட்டில் விதை செத்துப் போகும் பொனி."

"சாகட்டும்" எண்டன். சொல்லிப்போட்டு வந்திட்டன்.

அண்டு இரவு... விடும். ஒரு வாளியின்ர மூடியைத் திறந்து பாத்தனான், அவ்வளவுதான். வைக்கோல் மணம். அவளின்ர சுவெற்றர் மணம். உடுப்பெல்லாம் தோய்ச்சு மடிச்சு ரொறன்ரோவுக்கு அனுப்பிப்போட்டன், என்ன மடையன் நான். அவளில மிஞ்சினது அந்த மணம்தான் தம்பி. அதைக் கொண்டுபோய் இவங்கட கையில குடுக்கச் சொல்லுறியளோ? உயிர் போனாலும் குடுக்கன்.

இப்ப, இந்தச் சித்திரையில. போன கிழமை. மணலை மட்டப்படுத்துவம் எண்டு போனன். மாரிப் பனி கரைஞ்சு குழப்பியிருந்துது. பாக்கிறன், மெற்றில்டாவின்ர காலடியில, வெள்ளை மணலைத் தள்ளிக்கொண்டு ஒண்டு நிக்குது. மயிர்த் தண்டு. ஊதா மொட்டு.

எனக்குத் தெரியும் இது ஆரின்ர வேலையெண்டு. கத்தியை எடுத்தன் பிடுங்க. பேந்து யோசிச்சன், இல்லை, இதைப் பிடுங்கினால் நான் மடையன். ஒருத்தரும் கை வைக்கக் கூடாதெண்டு கூட்டத்தில சொல்லிப்போட்டு, டொறீன் களவா வந்து என்ர மனிசின்ர கல்லறையில நட்டிருக்கிறாள். இது சாட்சி. அப்பிடியே விட்டுட்டு, நேர கிழவியின்ர குசினி வாசல்ல போய் நிண்டு கத்தினன். ஊர் கேக்கக் கத்தினன்.

கிழவி அடுப்படியில நிண்டவள். "பொனி, அதை ஒருத்தரும் கொண்டுவந்து நடேலாது. கிளப்பினால் செத்துப் போகும். விதை போட்டாலும் பூக்க வருஷக்கணக்காகும்" எண்டாள். பேந்து கேட்டாள், "எந்த இடத்தில?"

"வேலி மூலையில. அவளின்ர காலடியில."

கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டாள். கண்ணால தண்ணி ஓடுது, ஆனால் சிரிக்கிறாள். "மூலையிலயோ? மூலையிலயோ?" எண்டு திருப்பித் திருப்பிக் கேக்கிறாள். "நீ சுரண்டியும் அந்த வேர் கிடந்திருக்குப் பொனி" எண்டு என்ர கையைப் பிடிக்க வந்தாள். நாடகம். வயசுபோனதுகளுக்கு நடிக்கச் சொல்லிக் குடுக்கோணுமோ? நான் கையை உதறிப்போட்டு வந்திட்டன்.

அண்டைக்குப் பின்னேரம் ரேடியோவில சொன்னாங்கள் உறைபனி விழுமெண்டு. சாட்சி செத்துப் போனால் நான் என்னத்தைக் காட்டுறது? மூடிவைக்க ஒரு வாளி வேணும். கடையில இருக்கிறதெல்லாம் எண்ணெய் வாளி, பூ கருகிப்போகும். பேஸ்மென்ற்றுக்குப் போய் மெற்றில்டாவின்ர வாளியொண்டை எடுத்துக்கொண்டு சேமக்காலைக்குப் போனன். போன பிறகுதான் பாக்கிறன், அதுக்கை விதை கிடக்கு. அதை எங்க கொட்டுறது? அதில, அந்தச் சுரண்டின இடத்திலதான் கொட்டினன். வேற எங்க? குவியலாக் கொட்டினால் காத்து அள்ளிக்கொண்டு போய்க் கென்ர வயலுக்கை போடும். அவனுக்கு ஏன் சும்மா குடுப்பான்? அதால எல்லாப் பக்கமும் பரவலா வீசி, காலால மிதிச்சு மிதிச்சு மண்ணுக்கை அமத்தி விட்டன். வீசேக்கை அந்த மணம் எழும்பிச்சுது. ஏதோ அவள் பக்கத்தில நிண்டு "மெள்ள, மெள்ள" எண்ட மாதிரி இருந்துது. காத்துச் சத்தம்தான். பேந்து வெறும் வாளியைக் கவிட்டு, பறக்காமல் மேல ஒரு கல்லும் வைச்சன்.

அந்தப் பூவுக்கு உறைபனி ஒண்டும் செய்யாதாம், அது பனியிலதான் பூக்கிறதாம். கிழவி கடைக்கு ஆளனுப்பிச் சொல்லி விடுறாள். அவள் சொல்லுறதை நம்பேலுமோ? நான் பின்னேரம் பின்னேரம் போய் மூடி, காலமை போய்த் திறந்து விடுறன். கொஞ்சம் தண்ணியும் விடுறனான். சாட்சியெல்லோ, வாடக் கூடாது.

அந்தா, லொறி வருது. கென்தான். எழும்பும், சாமானைத் தூக்கும். பாத்தீரோ, விரலைத் தூக்கிறான். அது உமக்கு. நீர் புது ஆள், அதால தூக்கிறான். ... எனக்குத் தூக்கினதோ? உமக்குக் கண் தெரியாது தம்பி.

என்ர கை தன்ர பாட்டில எழும்பினது, தேத்தண்ணிக் கோப்பையை வைக்க.

போட்டு வாரும். காசு வேண்டாம், வையும் உள்ளுக்கை. ஒண்டு மட்டும் செய்யும். லொறியில போகேக்கை அவன் கதை குடுத்தால் வாளியைப் பற்றி வாய் திறக்காதையும். தண்ணி விடுறதைச் சொல்லவே சொல்லாதையும். நீர் போனவுடன கடையைப் பூட்டிக்கொண்டு நானும் அங்கதான் போகோணும். இண்டைக்குக் காலமை பாத்தனான், அவளின்ர தலைமாட்டில இன்னொண்டு முளை விட்டிருக்கு. எனக்கு இன்னொரு வாளி வேணும்.